அழித்தாலும் திரும்பி வரும் செக் இன்ஜின் லைட்: லாரா ஆர்எஸ் வாங்கிய வாசகருக்கு

கோவையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். 2012 மாடல் ஸ்கோடா லாரா ஆர்எஸ், இவர் மூன்றாவது ஓனர். வாங்கிய சில வாரங்களிலேயே செக் இன்ஜின் லைட் எரிந்திருக்கிறது. மெக்கானிக் ஸ்கேனர் போட்டு அழித்துக் கொடுத்தார். நான்கைந்து நாளில் மறுபடி எரிந்தது. அடுத்த முறை ஆக்ஸிஜன் சென்சார் புதிது, அதற்கடுத்த முறை ஸ்பார்க் பிளக் புதிது. லைட் இப்போதும் வருகிறது. வண்டி ஓடுவதில் பெரிய குறை இல்லை, சிக்னலில் நிற்கும்போது மட்டும் லேசான நடுக்கம், பானட் பக்கம் மெல்லிய விசில் சத்தம். ஸ்கேனரில் வரும் கோளாறு எண்கள், அதாவது கோடுகள்: பி2187, எப்போதாவது பி0300. முந்தைய ஓனர் ரீமேப் செய்திருப்பதாக, அதாவது திறனைக் கூட்ட இன்ஜின் கணினியின் (ஈசியு) மென்பொருளை மாற்றியிருப்பதாகக் கேள்வி. "ஈசியு போய்விட்டது என்கிறார்கள், மாற்றலாமா, இல்லை வண்டியையே தள்ளிவிடலாமா?" என்று கேட்கிறார்.

இரண்டுமே வேண்டாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் ஈசியு தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. கணக்கில் வராத காற்று எங்கிருந்தோ இன்ஜினுக்குள் போகிறது. அது எந்த வழியாக என்பதிலும் எனக்கு ஒரு பலமான சந்தேகம் இருக்கிறது. ஆனால் என் சந்தேகத்தை நம்பி நீங்கள் இன்னொரு பாகம் வாங்க வேண்டாம். முதலில் அளந்து பார்க்கலாம்.

அதற்கு முன் ஒரு வேண்டுகோள்: இனிமேல் கோடை அழிக்காதீர்கள். கோடு பதிவாகும் அந்த நொடியில் இன்ஜின் என்ன நிலையில் இருந்தது என்பதையும் ஈசியு சேர்த்தே எழுதி வைக்கும். ஆர்பிஎம் எவ்வளவு, வேகம் எவ்வளவு, கூலன்ட் எத்தனை டிகிரி, பெட்ரோல் திருத்தம் எத்தனை சதவீதம் எல்லாம் அதில் இருக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பது இதுதான். அழிக்கும் பொத்தானை அழுத்தினால் கோடோடு சேர்ந்து இதுவும் போய்விடும். ஒவ்வொரு முறையும் உங்கள் மெக்கானிக் முதலில் தூக்கி எறிந்தது தடயத்தைத்தான்.

நான்கைந்து நாள் கழித்து வருவதில் மர்மம் ஒன்றும் இல்லை. இந்த வகைக் கோளாறுகளுக்கு ஈசியு ஒரே தடவையில் லைட்டை எரிய விடாது. ஒரு ஓட்டத்தில் பார்த்ததைத் தற்காலிகமாகக் குறித்து வைக்கும். அடுத்த ஓட்டத்திலும் அதே கோளாறு தெரிந்தால்தான் லைட் எரியும். அழித்தபின் பெட்ரோல் திருத்தமும் பூஜ்ஜியத்திலிருந்து மறுபடி கற்றுக்கொண்டு வர வேண்டும். இதெல்லாம் நடந்து முடிய உங்கள் ஓட்டத்துக்குச் சில நாட்கள் ஆகின்றன. அதாவது, நடுவில் வண்டி சரியாக இருந்ததே இல்லை.

லைட் நிலையாக எரிந்தால் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். விட்டு விட்டு மின்னினால் கதையே வேறு. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையே பாழாக்கும் அளவுக்கு மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது) ஆகிறது என்று அர்த்தம். உடனே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஓரம் கட்டுங்கள். "வீடு வரை ஓட்டிவிடலாம்" என்று நினைக்காதீர்கள்.

சரி, இப்போது கோடுக்கு வருவோம். பி2187 என்றால் ஐடிலிங்கில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது) கலவை லீன், அதாவது காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. இதில் 'ஐடிலிங்கில்' என்பதுதான் முக்கியமான சேதி. உங்கள் மெக்கானிக் 'லீன்' என்பதை மட்டும் பார்த்து ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றிவிட்டார். காய்ச்சல் காட்டியதற்காகத் தெர்மாமீட்டரை மாற்றிய மாதிரி. சென்சார் கெட்டிருந்தால் அதற்கென்று தனிக் கோடுகள் உண்டு. உங்கள் வண்டியில் அவை எதுவும் வரவில்லை.

நீங்கள் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட்டில் ஐடிலிங்கில் லாங் டேர்ம் ஃப்யூயல் ட்ரிம், அதாவது மேலே சொன்ன பெட்ரோல் திருத்தம், +19 என்று இருக்கிறது. வழக்கமான அளவை விட 19 சதவீதம் அதிகமாகப் பெட்ரோல் விட்டால்தான் கலவை சரியாக வருகிறது என்று ஈசியு கற்றுக்கொண்டிருக்கிறது. பூஜ்ஜியத்திலிருந்து ஐந்து வரை நல்லது, பத்து வரை பொறுத்துக்கொள்ளலாம், 19 சரியில்லை. அந்தந்த நொடியில் செய்யும் திருத்தமான ஷார்ட் டேர்ம் ட்ரிம் எவ்வளவு என்றும் பாருங்கள். இரண்டையும் கூட்டினால்தான் உண்மையான நிலை தெரியும்.

அடுத்து செய்ய வேண்டியது, இன்ஜின் முழுச் சூட்டுக்கு வந்தபின், ஏசியை அணைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே ஆர்பிஎம்மை 2500-ல் ஒரு நிமிடம் பிடியுங்கள். ட்ரிம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று கவனியுங்கள். நன்றாக இறங்கினால் காற்றுக் கசிவு என்று ஏறக்குறைய முடிவே செய்யலாம். ஐடிலிங்கில் காற்று நுழையும் வால்வான த்ராட்டில் மூடியிருப்பதால், சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் வெற்றிடம் பலமாக இருக்கும், இன்ஜின் இழுக்கும் மொத்தக் காற்றும் குறைவு. அந்த நேரத்தில் ஒரு சின்ன ஓட்டையே பெரிய பங்காகிவிடும். 2500-ல் மொத்தக் காற்று பல மடங்கு கூடிவிடுவதால் அதே ஓட்டை கணக்கில் கரைந்துவிடும். இதற்கு நேர்மாறாக, ஐடிலிங்கில் ஒழுங்காக இருந்து, மேட்டில் ஏற்றும்போதோ ஓவர்டேக் செய்யும்போதோ ட்ரிம் ஏறினால், பெட்ரோல் போதவில்லை என்று பொருள். அப்போது டேங்க் பம்ப், ஃபில்டர், ஹை பிரஷர் பம்ப், இன்டேக்கில் காற்றை அளக்கும் ஏர் மாஸ் சென்சார் என்று தேட வேண்டும்.

ஃபோக்ஸ்வேகன் குழும வண்டிகளுக்கான விசிடிஎஸ் போன்ற ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக் கிடைத்தால் 32-வது மெஷரிங் பிளாக்கைத் திறக்கச் சொல்லுங்கள். முதல் எண் ஐடிலிங் திருத்தம், இரண்டாவது எண் ஓட்டத்தின்போது உள்ள திருத்தம். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், ஒரே பார்வையில் விஷயம் விளங்கிவிடும்.

இதில் இன்று இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். இந்தக் கலவைக்கு சுமார் 13.5 போதும். ஆகவே அதே காற்றுக்கு ஈசியு கூடுதலாகப் பெட்ரோல் விட்டாக வேண்டும். எத்தனால் இல்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் இந்த வித்தியாசம் மட்டுமே 9 சதவீதம் பக்கம் வரும். 2012-ல் இந்த வண்டிக்கு எழுதிய கணக்கில் இது கிடையாது. ஆனால் எத்தனாலால் வரும் உயர்வு எல்லா ஆர்பிஎம்மிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும், கசிவால் வருவது ஐடிலிங்கில் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். 2500-ல் உங்கள் ட்ரிம் +7, +8 என்று நின்றால் அந்த மிச்சத்துக்குப் பெரும்பாலும் பெட்ரோல்தான் காரணம்; அதைத் துரத்திக்கொண்டு போக வேண்டாம். ஐடிலிங்கின் கூடுதல் பத்துப் பன்னிரண்டு சதவீதத்தை மட்டும் பிடித்தால் போதும்.

எங்கே பிடிப்பது? இந்த 1.8 டிஎஸ்ஐ இன்ஜினில் நான் முதலில் கை வைக்கும் இடம் பிசிவி வால்வ். இன்ஜினின் மேல் மூடியில் உட்கார்ந்திருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் பாகம். கிராங்க்கேஸில் (இன்ஜினின் அடிப்பாகத்தில்) சேரும் புகையை இன்டேக்குக்கே திருப்பி அனுப்புவது அதன் வேலை. உள்ளே மெல்லிய ரப்பர் டயஃப்ரம் ஒன்று இருக்கிறது. வருடக்கணக்கில் சூட்டிலும் ஆயில் ஆவியிலும் வெந்து அது கிழிந்துவிடும். கிழிந்தால், பிசிவியின் மூடியில் உள்ள குட்டித் துளை வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபடும். நீங்கள் சொன்ன விசில் பெரும்பாலும் அந்தத் துளையில்தான் பிறக்கிறது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகித் தூக்கிப் பாருங்கள். நல்ல நிலையில் இருந்தால் லேசான இழுப்போடு மூடி கையோடு வந்துவிடும். டயஃப்ரம் கிழிந்திருந்தால் யாரோ கீழிருந்து பிடித்து இழுப்பது போல ஒட்டிக்கொள்ளும். வலிந்து தூக்கியதும் விசில் சட்டென்று நின்று, ஐடிலிங் தடுமாறும். டிப்ஸ்டிக்கைச் சற்று வெளியே இழுத்தாலும் சத்தம் மாறும். அப்புறம் பிசிவி மூடியில் உள்ள அந்தத் துளையை விரல் நுனியால் மூடிப் பாருங்கள். சத்தம் அடங்கி, ஸ்கேனரில் ஷார்ட் டேர்ம் ட்ரிம் கீழே இறங்கினால் வேறு சாட்சியே வேண்டாம். சட்டைக் கையை மடித்துக்கொள்ளுங்கள், பெல்ட் பக்கம் கையைக் கொண்டு போகாதீர்கள்.

பிசிவி கிழிந்திருந்தால் தள்ளிப் போடாதீர்கள். கிராங்க்கேஸில் அளவுக்கு மீறிய வெற்றிடம் இருந்துகொண்டே இருந்தால் இன்ஜினின் பின்பக்க கிராங்க் சீல் பழுதாகி ஆயில் கசிய ஆரம்பிக்கும். பிசிவி மாற்றுவது மேலே சில போல்ட் கழற்றும் வேலை. அந்த சீலை மாற்ற கியர்பாக்ஸையே இறக்க வேண்டும்.

மூடி ஒழுங்காக வந்து, பிசிவி நன்றாக இருப்பதாகத் தெரிந்தால், ஸ்மோக் டெஸ்ட் செய்யும் இடத்துக்குப் போங்கள். இன்டேக்குக்குள் புகையை லேசான அழுத்தத்தில் செலுத்தினால் எந்த ஹோஸ், எந்த கேஸ்கெட் ஓட்டையோ அங்கே புகை கிளம்பும். ஊகித்து மூன்று பாகம் வாங்கும் செலவை இந்த ஒரு சோதனை மிச்சப்படுத்தும்.

பி0300 என்பது குறிப்பிட்ட ஒரு சிலிண்டர் என்று இல்லாமல் மாறி மாறி வரும் மிஸ்ஃபயர். ஐடிலிங்கில் இவ்வளவு லீனாக ஓடினால் அதுவே மிஸ்ஃபயரைக் கொண்டுவரும். அதனால் கசிவை அடைத்தபின் இதைப் பாருங்கள், இப்போது வேண்டாம். அதன் பிறகும் வந்தால், அதுவும் காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் வந்தால், இன்டேக் வால்வுகளில் கார்பன் படிந்திருக்கலாம். இந்த இன்ஜினில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. வால்வின் முதுகைப் பெட்ரோல் கழுவ வழியே இல்லை. ஆயில் ஆவி படிந்து படிந்து கரியாகிவிடும். டேங்க்கில் ஊற்றும் கிளீனர் அங்கே எட்டவே எட்டாது. மேனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளை அடித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். கோடு பி0302 என்பது போல ஒரே சிலிண்டரைக் காட்ட ஆரம்பித்தால், அந்தச் சிலிண்டரின் இக்னிஷன் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். கோடும் கூடவே நகர்ந்தால் காயில்தான், காசு செலவில்லாமல் தெரிந்துவிடும்.

ரீமேப் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பழைய பெர்ஃபார்மன்ஸ் வண்டியில் பாதிக் குழப்பம் இங்கேதான். இந்த வண்டி கம்பெனியிலிருந்து வரும்போது 160 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர். முந்தைய ஓனர் அதை ஏற்றியிருந்தால் வேறு என்னென்ன செய்தார் என்று அவரிடமே கேளுங்கள்: டவுன்பைப் (டர்போவுக்கு அடுத்த புகைக்குழாய்) மாற்றினாரா, எண்ணெய் தடவிய திறந்த ஏர் ஃபில்டர் போட்டாரா, டர்போவின் டைவர்ட்டர் வால்வை மாற்றினாரா, யாரிடம் ட்யூன் (ரீமேப்) செய்தார். எண்ணெய் ஃபில்டர் ஏர் மாஸ் சென்சாரில் படலம் பூசி, காற்றைக் குறைத்துக் காட்ட வைக்கும். டவுன்பைப்போடு கன்வெர்ட்டரும் போயிருந்தால், கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்னும் பி0420 வர வேண்டும். வரவில்லையென்றால் ட்யூனில் அந்தச் சோதனையையே அணைத்திருக்கலாம். ஸ்கேனரில் ரெடினெஸ் மானிட்டர் (ஈசியு தன் சோதனைகளை முடித்ததா என்று காட்டும்) பக்கத்தில் கேட்டலிஸ்ட் 'ஆதரவில்லை' என்று காட்டினால் அப்படித்தான். இப்படி வாயடைத்த ஈசியுவை வைத்துக்கொண்டு எந்த மெக்கானிக்காலும் முழு உண்மையைக் கண்டுபிடிக்க முடியாது. முடிந்தால் ஒரிஜினல் ஃபைலை ஏற்றச் சொல்லி, ஸ்டாக் நிலையில் வைத்துக் கோளாறு தேடுங்கள். எல்லாம் சரியானபின் ட்யூனை மறுபடி போட்டுக்கொள்வது உங்கள் விருப்பம்.

அதே ரெடினெஸ் பக்கம் வண்டி வாங்கப் போகிறவர்களுக்கும் உதவும். கோடை அழித்ததும் மானிட்டர்கள் எல்லாம் 'முடியவில்லை' என்று திரும்பிவிடும். கோடு அழித்தபின் ஓடிய கிலோமீட்டரையும் பல ஸ்கேனர்கள் காட்டும். பார்க்கப் போன அன்று அது பத்தோ இருபதோ கிலோமீட்டர் என்று இருந்தால், லைட்டை எதற்காக அணைத்தீர்கள் என்று விற்பவரிடம் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கோளாறு தேடும்போது எங்காவது பி0016 (கிராங்க், கேம் ஷாஃப்டுகளின் டைமிங் பொருந்தவில்லை) தென்பட்டால் மட்டும் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு டைமிங் செயினைப் பாருங்கள். இந்தக் குடும்பத்து இன்ஜின்களில் செயின் டென்ஷனர் பலவீனம் என்பது எல்லோரும் அறிந்தது. செயின் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். ஸ்டார்ட் செய்த முதல் ஒன்றிரண்டு நொடியில் சங்கிலி உரசும் சத்தம் கேட்டாலும் இதே எச்சரிக்கைதான்.

கசிவை அடைத்தபின் கோடை ஒரே ஒரு முறை அழியுங்கள். பிறகு ஊருக்குள் நின்று நகரும் ஓட்டம், அவினாசி சாலையில் சீரான ஓட்டம் என்று ஒரு வாரம் கலந்து ஓட்டிவிட்டு, ஐடிலிங்கிலும் 2500-லும் ட்ரிம் எண்களைக் குறித்து இப்போதைய எண்களோடு ஒப்பிடுங்கள். ஐடிலிங் எண் 2500 எண்ணுக்குப் பக்கத்தில் வந்து நின்று, மானிட்டர்களும் முடிந்திருந்தால் வேலை முடிந்தது. ஐடிலிங் எண் இன்னும் பத்துக்கு மேல் தனித்து நின்றால் இரண்டாவது கசிவு ஒன்று இருக்கிறது. இந்த வயது வண்டியில் அது இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட்டாக இருக்க நிறைய வாய்ப்புண்டு.