மண்டியிட்டபடி ஒரு பதில்: எட்வர்ட் குக்

கேள்வி: பழைய ஆங்கிலேய, அமெரிக்கச் சட்ட மேதைகளில் யாருடைய வாழ்க்கை உங்களை அதிகம் பாதித்தது?

எனக்கு எட்வர்ட் குக். கோக் என்றும் எழுதுவார்கள். 1552இல் இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் பிறந்தவர். அவரை நல்லவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் வழக்கறிஞராக இருக்கும் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிற மனிதர் அவர்தான்.

1603, வின்செஸ்டர். கடலோடி சர் வால்டர் ராலே மீது ராஜதுரோக வழக்கு. குக் அப்போது அரசின் தலைமை வழக்கறிஞர். மரியாதைக்குரிய ஒருவரை ஒருமையில் அழைப்பது அன்றைய ஆங்கிலத்திலும் அவமதிப்புதான். அதைத் தெரிந்தே செய்தார் குக். "உன்னை நீ என்றுதான் சொல்வேன், துரோகியே" என்று நீதிமன்றத்தில் கத்தினார். ராலே கேட்டது ஒன்றே ஒன்று: என்மேல் குற்றம் சொன்ன காப்ஹாம் பிரபுவை இங்கே கூப்பிடுங்கள், என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். கூப்பிடவில்லை. எழுதி வாங்கிய வாக்குமூலத்தை வைத்தே மரண தண்டனை விதித்தார்கள். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாமல் ஒருவர் நிற்பது எப்படி இருக்கும் என்பது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குப் புரியும். அந்த விசாரணைப் பதிவைப் படித்த அன்று குக் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக ஆறவில்லை.

1606இல் அவர் தலைமை நீதிபதி ஆனார். அப்புறம்தான் ஆள் மாறுகிறார். வழக்கைத் தானே தீர்க்கலாம் என்று நினைத்தார் மன்னர் முதலாம் ஜேம்ஸ். எனக்கும் பகுத்தறிவு இருக்கிறதே என்று கேட்டார். இருக்கிறது, ஆனால் சட்டத்துக்குரிய அறிவு நீண்ட படிப்பாலும் அனுபவத்தாலும்தான் வரும், மன்னர் எந்த மனிதருக்கும் கீழ்ப்பட்டவர் அல்ல, கடவுளுக்கும் சட்டத்துக்கும் கீழ்ப்பட்டவர் என்று பதில் சொன்னதாகக் குக் எழுதி வைத்திருக்கிறார். அதே நாளைப் பற்றி இன்னொருவர் எழுதிய கடிதம், மன்னரின் கோபத்தைக் கண்டு குக் தரையில் விழுந்து மன்னிப்புக் கேட்டதாகச் சொல்கிறது. இரண்டும் நடந்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. பயம் இருந்தும் அவர் வழியை மாற்றிக்கொள்ளவில்லை.

1616இல் அது தெரிந்தது. மன்னருக்குச் சம்பந்தமுள்ள ஒரு வழக்கை நிறுத்தி வைக்கச் சொல்லி உத்தரவு. பன்னிரண்டு நீதிபதிகளும் மன்னர் முன் மண்டியிட்டார்கள். இனி நான் சொன்னால் நிறுத்துவீர்களா என்று ஜேம்ஸ் கேட்க, பதினொரு பேர் சரி என்றார்கள். 64 வயதுக் குக் மட்டும், அப்படி ஒரு நிலை வரும்போது நீதிபதி செய்யத்தக்கதைச் செய்வேன் என்றார். அந்த ஆண்டு நவம்பரிலேயே பதவி போயிற்று.

அடுத்த ஆண்டு அவர் செய்ததை என்னால் ஏற்கவே முடியாது. அரசவையில் செல்வாக்கைத் திரும்பப் பெற, மகள் ஃபிரான்சஸை மன்னரின் நெருக்கமானவரான பக்கிங்ஹாமின் அண்ணனுக்குக் கட்டிக்கொடுக்க நினைத்தார். தாய் மகளை ஒளித்து வைத்தார். ஆயுதம் ஏந்திய ஆட்களோடு போய்க் கதவை உடைத்து மகளை இழுத்து வந்தார் குக். ஒருவருடைய வீடு அவருக்குக் கோட்டை என்ற 1604ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் பதிவு செய்து உலகுக்குத் தந்தவரும் அவர்தான்.

பிறகு நாடாளுமன்றம், லண்டன் கோபுரத்தில் சிறை, 1628இல் 76 வயதில், நாடாளுமன்றம் மன்னரிடம் கொடுத்த உரிமை மனு. காரணம் சொல்லாமல் யாரையும் சிறையில் வைக்கக்கூடாது என்று அந்த மனுவில் இருக்கிறது. 1634இல் அவர் சாகக் கிடந்தபோது, அப்போதைய மன்னர் முதலாம் சார்லஸின் ஆட்கள் வந்து கையெழுத்துப் பிரதிகளை அள்ளிக்கொண்டு போனார்கள். 1641இல் நாடாளுமன்றம் அவற்றை அச்சிட உத்தரவிட்டது. அமெரிக்காவில் ஜெஃபர்சன் தலைமுறை சட்டம் படித்தது அவருடைய நூல்களில்தான்.

ராலே கேட்டு மறுக்கப்பட்டது 1791இல் அமெரிக்க அரசியலமைப்பின் ஆறாவது திருத்தத்தில் உரிமையாக எழுதப்பட்டது: குற்றம் சாட்டப்பட்டவர் தனக்கு எதிரான சாட்சியை நேருக்கு நேர் சந்திக்கலாம்.