தண்டும் மூட்டும் சமன்பாடும்: கேள்வி பதில்

கேள்வி: மூட்டு என்றாலே சுழற்சி, கோணம், சைன், கொசைன். இதில் இயற்கணித வடிவியலுக்கு என்ன வேலை?

கோணத்தை விடுங்கள். மூட்டு இருக்கும் இடத்தை இரண்டு எண்களாகக் குறியுங்கள். தண்டின் நீளம் மாறாது. பித்தாகரஸ் தேற்றப்படி அது ஒரு இருபடிச் சமன்பாடு. தண்டுக்கொன்றாக எழுதினால், எல்லாவற்றுக்கும் பொதுவான தீர்வுகள்தான் அமைப்பு எடுக்கக்கூடிய நிலைகள். ஒரே விதமாக அசையும் அமைப்புக்கு அவை ஒரு வளைவரை. இப்படிச் சமன்பாடுகளின் தீர்வுகளை வடிவமாகப் பார்ப்பதுதான் இயற்கணித வடிவியல்.

கேள்வி: அட்டையில் இணைகரம் செய்தேன். தட்டையாக மடங்கும்போது சில சமயம் குறுக்காகத் திரும்பிவிடுகிறது. துளை தளர்வா?

துளையில் குறை இல்லை, சமன்பாட்டிலேயே அது இருக்கிறது. நீளத் தண்டுகள் 12 செ.மீ., குட்டைத் தண்டுகள் 5 செ.மீ. என்று வைப்போம். ஒரு நீளத் தண்டை மேசையில் அழுத்திப் பிடித்து, ஒரு குட்டைத் தண்டைத் திருப்புங்கள். ஒவ்வொரு நிலைக்கும் நான்காவது மூட்டுக்கு இரண்டு இடங்கள் கிடைக்கும்: ஒன்று இணைகரம், மற்றது தண்டுகள் குறுக்கிடும் வடிவம். நான்கு தண்டும் ஒரே கோட்டில் படுக்கும்போது இரண்டும் ஒன்றாகிவிடும். வளைவரை அங்கே இரண்டு கிளைகளாக வெட்டிக்கொள்கிறது; எந்தக் கிளையில் போவது என்று நீளங்களால் சொல்ல முடியாது. நீராவி ரயில் எஞ்சினின் சக்கரங்களை இணைக்கும் தண்டும் இதே இணைகரம்தான். இரு பக்கத் தண்டுகளையும் 90 பாகை தள்ளி மாட்டியிருப்பார்கள். ஒரு பக்கம் மடங்கும் நேரத்தில் மறுபக்கம் மடங்காது. எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது.

கேள்வி: ரோபோ கையின் நுனி ஓரிடத்தில், ஒரு திசையில் நிற்க எத்தனை வழி?

ஆறு சுழல் மூட்டுகள் கொண்ட பொதுவான கைக்கு அதிகபட்சம் 16. ஆறு கால்கள் தாங்கும் மேடையில் கால் நீளங்களை மட்டும் கொடுத்தால் 40. அந்த 40-உம் கலப்பெண்கள் இல்லாமல் மெய்யெண் தீர்வுகளாகவே அமையலாம் என்று 1998-இல் டீட்மையர் என்ற ஆய்வாளர் எடுத்துக்காட்டு கொடுத்தார்.

கேள்வி: கொடுத்த புள்ளிகள் வழியே போகும் நான்கு தண்டு அமைப்பை வடிவமைக்க முடியுமா?

ஒன்பது புள்ளிகள் வரை. நடுத்தண்டோடு சேர்ந்த ஒரு புள்ளி வரையும் வளைவரை அவற்றின் வழியே போக வேண்டும். ஆல்ட் என்பவர் 1923-இல் கேட்ட கேள்வி இது. வாம்ப்ளர், மோர்கன், சோமெஸ் மூவரும் 1992-இல் கணினியில் தீர்வுகளை எண்ணினார்கள்: 4326. ஆனால் ஒவ்வொரு வளைவரையையும் மூன்று வெவ்வேறு அமைப்புகள் வரையும் என்பதால், உண்மையில் 1442 தொகுதிகள். செய்ய முடியாத கலப்பெண் தீர்வுகளைக் கழித்த பிறகும் அவசரப்படாதீர்கள். வளைவரை தனித்தனித் துண்டுகளாக இருக்கலாம். புள்ளிகள் சில ஒரு துண்டிலும் மீதி இன்னொரு துண்டிலும் விழுந்தால், கழற்றி மாட்டாமல் அது ஒன்பதையும் தொடாது. அதனால், உலோகத்தை வெட்டும் முன் திரையில் ஒரு முழுச் சுற்று ஓட்டிப் பாருங்கள்.