விலை பேச வருபவர்மீது ஏன் கோபம் வருகிறது?

கேள்வி: முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நாங்கள் வாழ்ந்த வீட்டை விற்பதென்று நானும் பிள்ளைகளும் சேர்ந்துதான் முடிவெடுத்தோம். கணவர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. மாடிப்படி ஏற முழங்கால் இடம் கொடுப்பதில்லை. ஒழுகும் கூரையைச் செப்பனிட ஓடியாட ஆளும் இல்லை. ஆனாலும், வீட்டைப் பார்க்க வந்த ஒருவர் முன்னறையில் நின்றுகொண்டு, "இந்தச் சுவரை எடுத்துவிட வேண்டும்" என்று சொன்னதும் எனக்கு வந்த கோபத்தில், நல்ல விலைக்குக் கேட்டவரையே திருப்பி அனுப்பிவிட்டேன். அடுத்து வந்தவரிடமும் அப்படியே நடந்துகொண்டேன். "விற்க மனமில்லை என்றால் சொல்லிவிடுங்கள்" என்று மகன் சலித்துக்கொள்கிறான். செங்கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் அழுவது அசட்டுத்தனமா? விற்ற பிறகு அந்தத் தெரு வழியாகப் போகலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அசட்டுத்தனம் இல்லை, அம்மா. பாஸ்டன் நகரில் வெஸ்ட் எண்ட் என்னும் பழைய குடியிருப்பை நகரச் சீரமைப்பு என்ற பெயரில் இடித்தபோது, அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர்களை ஆராய்ந்த உளவியலாளர் மார்க் ஃப்ரைட், அவர்களில் பலரிடம் கண்டது நெருங்கியவரை இழந்தவர்களின் துக்கத்தையே ஒத்திருந்தது என்று 1963இல் எழுதினார். அவர்கள் வெளியேற்றப்பட்டவர்கள், நீங்கள் தெரிந்தே விற்பவர் என்ற வேறுபாடு பெரிதுதான். ஆனால், முடிவு நம்முடையது என்பதால் துக்கம் குறைந்துவிடுவதில்லை. 'நாமே விற்றுவிட்டு நாமே அழலாமா' என்ற கூச்சமும் அதோடு சேர்ந்துகொள்கிறது. உங்கள் கடிதத்தில் அந்தக் கூச்சம்தான் அதிகம் தெரிகிறது.

நெடுநாள் குடியிருந்த வீடு நினைவில் மட்டுமல்லாமல் உடம்பிலும் படிந்துவிடுகிறது. சற்றே தூக்கிப் பிடித்து இழுத்தால்தான் விழும் தாழ்ப்பாள் ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கும். அதை நீங்கள் யோசித்துச் செய்வதில்லை, இருட்டிலும் கை தானாகச் செய்துவிடும். புதிய வீட்டில் அந்தக் கைக்கு வேலை இருக்காது என்பது சிறிய இழப்பு அல்ல. தவிர, கணவர் உங்களோடு வாழ்ந்த கடைசி இடமும் அதுதான் என்பதால், சுவரை எடுக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னது வேறொன்றாக உங்கள் காதில் விழுந்திருக்கிறது. அவர் கூறியது அறையின் அளவைப் பற்றி மட்டுமே.

இங்கேதான் விலையும் சிக்கிக்கொள்கிறது. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகிய மூவரும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சாதாரணக் கோப்பையைக் கையில் கொடுத்துவிட்டு அதை விற்கச் சொன்னபோது, விற்பவர்கள் கேட்ட விலை, வாங்குபவர்கள் தர முன்வந்ததைப் போல ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. அப்போதுதான் கைக்கு வந்த கோப்பைக்கே அப்படி என்றால், ஒரு வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்த வீட்டுக்கு உங்கள் மனம் கேட்கும் விலையை எவராலும் தர முடியாது. உண்மையில் நீங்கள் அவர்களிடம் எதிர்பார்ப்பது பணத்தைக்கூட அல்ல. 'நன்றாக வாழ்ந்த வீடு' என்ற ஒப்புதலைத்தான். அதை முன்பின் தெரியாத ஒருவரிடம் எதிர்பார்ப்பது உங்களுக்கும் வேதனை, அவருக்கும் புரியாத புதிர்.

ஆகவே துக்கத்தையும் வியாபாரத்தையும் பிரித்து வையுங்கள். வீட்டோடு தொடர்பில்லாத மதிப்பீட்டாளர் ஒருவரைக் கொண்டு மதிப்பைத் தெரிந்துகொண்டு, இதற்குக் கீழே இறங்குவதில்லை என்று ஒரு தொகையை முன்கூட்டியே எழுதி வைத்துவிடுங்கள். யாராவது பார்க்க வரும் நேரத்தில் நீங்கள் வீட்டில் இருக்கவே வேண்டாம். மகனோ தரகரோ காட்டட்டும். 'இடிக்கமாட்டோம்' என்று வாங்குபவரிடம் வாய்மொழி உறுதி கேட்காதீர்கள். அது பெரும்பாலும் நிற்பதில்லை, மீறப்படும்போது இரண்டாவது முறையும் இழந்ததுபோல் ஆகிவிடும். விற்காமல் வாடகைக்கு விடலாமே என்று சிலர் சொல்வார்கள். கூரைக்கு ஆள் தேடும் கவலை அப்போதும் உங்களுடையதுதான்.

துக்கத்துக்குரிய நேரம், பொருள்களைக் கட்டி ஒதுக்குவதற்கு முன்னால் வருகிறது. விளம்பரத்துக்காகத் துடைத்து வைத்த அறைகளை அல்ல, புழங்கும் நிலையிலேயே வீட்டைப் படமெடுங்கள்: திறந்திருக்கும் அலமாரி, கணவர் உட்கார்ந்த நாற்காலி, அந்தத் தாழ்ப்பாள். பிள்ளைகளை ஒரு நாள் வரவழைத்து, ஆளுக்கு ஒரு பொருளை அவர்களையே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்; மகனின் சலிப்புக்குள்ளும் அவன் பங்கு வருத்தம் ஒளிந்திருக்கிறதா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் புதைந்து ஓடுகிறது, கூரை எந்த மூலையில் ஒழுகும், எந்த ஜன்னலை எப்போது சாத்த வேண்டும் என்று வரப்போகிறவர்களுக்கு ஒரு தாளில் எழுதி வையுங்கள். இந்த யோசனையில் எனக்குத் தனி நம்பிக்கை உண்டு, ஏனென்றால் அந்த வீட்டைப் பற்றி உங்களுக்கு மட்டுமே தெரிந்தது வீணாகாமல் ஒருவர் கைக்குப் போய்ச் சேரும். இத்தனைக்கும் பிறகு வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் இல்லாமல் போனால், தயங்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அந்தத் தெரு வழியாகத் தாராளமாகப் போகலாம். ஆனால் புதியவர்கள் இடித்துக் கட்டும் வேலைகள் முடியும்வரை பொறுத்திருங்கள். பாதி இடிந்த சுவரைப் பார்ப்பதால் உங்களுக்கு எந்த நன்மையும் இல்லை. வேலை முடிந்ததா என்று பக்கத்து வீட்டாரிடம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு, முதல் தடவை மகளையோ மகனையோ உடன் அழைத்துக்கொண்டு செல்லுங்கள்.