கேள்வி–பதில்: மலிவு ஜாய்ஸ்டிக்கும் கழற்றிய ஜாய்ஸ்டிக்கும்

கே: பழைய கேம் கன்ட்ரோலரிலிருந்து கழற்றிய ஜாய்ஸ்டிக்கை நானே செய்யும் ரிமோட்டில் வைக்கலாமா?

ப: தாராளமாக. நல்ல கன்ட்ரோலரில் இருந்த ஸ்டிக் பல நேரம் மலிவு மாட்யூலில் (சின்ன போர்டோடு விற்கும் ஜாய்ஸ்டிக்) வருவதைவிட உறுதியானது. சால்டர் செய்வதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். இடம்-வலத்துக்கு ஒன்று, மேல்-கீழுக்கு ஒன்று என இரண்டு பாட் (பொட்டென்ஷியோமீட்டர், அசைத்தால் மின்தடை மாறும் உறுப்பு) இருக்கும், ஒவ்வொன்றுக்கும் மூன்று கால். ஓரக் கால்கள் இரண்டுக்கும் இடையே பெரும்பாலும் 10 கிலோ ஓம் காட்டும். பிறகு நடுக்காலையும் ஒரு ஓரக்காலையும் பிடித்துக்கொண்டு ஸ்டிக்கை மெதுவாகச் சாயுங்கள். எண் சீராக ஏறி இறங்க வேண்டும். துள்ளினால் உள்ளே கார்பன் தடம் தேய்ந்திருக்கிறது. கான்டாக்ட் கிளீனர் அடித்தால் அழுக்கு போகும், தேய்ந்த தடம் திரும்பி வராது. கழற்றும்போது புது ஈயம் கொஞ்சம் சேர்த்து இளக்குங்கள். ஒரே காலில் அதிக நேரம் சூடு காட்டினால் பிளாஸ்டிக் இளகிவிடும்.

கே: கையை எடுத்த பிறகும் ஆர்டுயினோ போர்டில் நடு எண்ணான 512 வருவதில்லை. 498, 521 என்று மாறுகிறது. திருப்பிக் கொடுக்கலாமா?

ப: வேண்டாம், அது பழுதில்லை. ஸ்பிரிங் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் கொண்டுவந்து நிறுத்தாது. ஸ்விட்ச் போட்டதும் வரும் எண்ணை நடுவாக எடுத்துக்கொண்டு, இருபுறமும் ஒரு 30 அளவு அசைவைப் புரோகிராமில் கணக்கில் சேர்க்காமல் விடுங்கள். தொடாமலே எண் நடுங்கினால் நடுக்காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போடுங்கள்.

கே: மாட்யூலில் '5 வோல்ட்' என்று அச்சிட்டிருந்தது, அப்படியே கொடுத்தேன். என் இஎஸ்பி32 (வைஃபை உள்ள சின்ன கன்ட்ரோல் போர்டு) போர்டில் ஸ்டிக்கை இணைத்த பின் செத்துவிட்டது. என் தவறா?

ப: உங்கள் தவறு இல்லை. பல வருடமாக எனக்கு இருக்கும் ஆத்திரம் இது. அந்த மாட்யூலைத் திருப்பிப் பாருங்கள். சிப் எதுவும் இருக்காது. இரண்டு பாட், ஒரு பட்டன், ஐந்து பின், அவ்வளவுதான். அதற்கு 5 வோல்ட் தேவையே இல்லை. 3.3 கொடுத்தால் 0 முதல் 3.3 வரை தரும், 5 கொடுத்தால் 5 வரை தரும். இஎஸ்பி32-இன் பின் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. '5 வோல்ட்' என்பது 5 வோல்ட்டில் ஓடும் ஆர்டுயினோ ஊனோவை மட்டும் மனத்தில் வைத்து யாரோ அச்சிட்டது. இன்றுவரை எல்லோரும் அதை அப்படியே நகலெடுக்கிறார்கள். முதல்முறை வாங்குபவர் அச்சிட்டதைத்தானே நம்புவார்? நானும் நம்பி இரண்டு போர்டுகளை இழந்தேன். போர்டு எந்த வோல்ட்டில் ஓடுகிறதோ அதையே ஸ்டிக்குக்கும் கொடுங்கள். இன்னொன்று: இஎஸ்பி32-இல் வோல்ட்டை அளக்கும் பின்கள் ஏடிசி1, ஏடிசி2 என்று இரண்டு குழு. வைஃபை ஓடும்போது ஏடிசி2 பின்கள் சரியாகப் படிக்காது. ஏடிசி1 பின்களில் இணையுங்கள்.

கே: 'ஹால் எஃபெக்ட்' ஸ்டிக் (காந்தத்தால் அசைவை அறிவது) என்று கூடுதல் விலைக்கு விற்றார்கள். சில மாதத்தில் கை வைக்காமலே எண் தானாக நகர்கிறது.

ப: உங்களை ஏமாற்றியிருக்க வாய்ப்பு அதிகம். ஹால் ஸ்டிக்கில் காந்தமும் சென்சாரும் ஒன்றையொன்று தொடுவதில்லை, தேய்வதற்குத் தடமே கிடையாது. புதிய வித்தையும் இல்லை, 1998-இல் வந்த செகா ட்ரீம்காஸ்ட் கன்ட்ரோலரிலேயே காந்த ஸ்டிக்தான். மின்சாரம் கொடுக்காமல் மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். ஸ்டிக்கோடு சேர்ந்து ஓம் சீராக ஏறி இறங்கினால் அது சாதாரண பாட்தான். அதை வீடியோ எடுத்து அனுப்பி முழுப் பணத்தையும் கேளுங்கள், பாதிக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். எனக்கும் நடந்திருக்கிறது. 'புதியது' என்று வாங்கிய பத்து ஸ்டிக்கின் கால்களிலும் பழைய ஈயம் ஒட்டியிருந்தது. சால்டர் செய்த பிறகுதான் கவனித்தேன், அதனால் பணம் திரும்பவில்லை.

கே: மலிவாகக் கிடைத்ததால் இருபது வாங்கினேன். கால்கள் என் போர்டின் துளைகளில் பொருந்தவில்லை.

ப: முதலில் ஒன்று வாங்கி வைத்துப் பார்த்திருக்க வேண்டும். வரைபடத்தைக்கூடப் பார்க்காமல் இருபது வாங்கியதற்கு நான் என்ன பதில் சொல்ல?

கே: பழைய அட்டாரி கேம் மெஷினின் ஜாய்ஸ்டிக்கில் அனலாக் எண் (சாய்வுக்கு ஏற்ப மாறும் எண்) வரவில்லை.

ப: வராது. அதில் இருப்பவை வெறும் ஸ்விட்சுகள்.

கே: கணினியின் 15 பின் ஜாய்ஸ்டிக், எப்படி அசைத்தாலும் எண் ஒழுங்காக மாறுவதில்லை.

ப: அதில் 100 கிலோ ஓம் பாட், வெளியே வருவது இரண்டு கால்கள் மட்டும். ஒன்றுக்கு 5 வோல்ட் கொடுத்து, மற்றதிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு, அந்தச் சந்திப்பில் அளந்து பாருங்கள். எண் மாறும், ஆனால் நேர்கோடாக இருக்காது. புரோகிராமில் சரிசெய்துகொள்ளுங்கள்.

கே: தாத்தாவின் மோட்டார் நாற்காலியில் ஸ்டிக் உடைந்துவிட்டது. மலிவு மாட்யூல் ஒன்றைப் பொருத்தலாமா?

ப: தயவுசெய்து வேண்டாம். அந்த மாட்யூலில் கிரவுண்டு ஒயர் கழன்றால் எண் உச்சத்துக்குப் போய்விடும். நாற்காலி முழு வேகத்தில் கிளம்பும், ஸ்டிக்கை விட்டாலும் நிற்காது. நாற்காலிக்கென்றே செய்த ஸ்டிக்குகளில் இப்படி ஒயர் அறுந்தால் கண்டுபிடித்து மோட்டாரை நிறுத்த ஏற்பாடு இருக்கும். அதே நாற்காலிக்கான உதிரியைத் தேடுங்கள். கிடைக்கும்வரை பின்னாலிருந்து ஒருவர் தள்ளட்டும்.