செப்சிஸை சீக்கிரம் கண்டுபிடிக்க முடியாதா? மைக்ரோபயாலஜி டாக்டரின் கேள்வி பதில்

நர்சிங் மாணவி: கோவிட் பிசிஆர் சில மணி நேரத்தில் முடிந்தது. செப்சிஸுக்கு மட்டும் ஏன் ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சர் என்று இரண்டு மூன்று நாள் ஆகிறது, டாக்டர்?

நல்ல கேள்வி. செப்சிஸ் என்பது தொற்றுக்கு உடல் தாறுமாறாக எதிர்வினை காட்டி உறுப்புகளையே பாதிக்கும் ஆபத்தான நிலை. கோவிட் நோயாளியின் மூக்குச் சளியில் வைரஸ் மண்டிக்கிடக்கும். செப்சிஸில் ஒரு மில்லி ரத்தத்துக்கு ஒன்றிரண்டு பாக்டீரியாதான் இருக்கும் என்பது சகஜம். அதே மில்லியில் வெள்ளையணுக்கள் லட்சக்கணக்கில். அவற்றின் டிஎன்ஏவுக்கு நடுவே கிருமியைத் தேட வேண்டும். அதனால்தான் பாட்டிலில் வைத்துப் பெருக்குகிறோம். மால்டிடாஃப் மெஷின் கிருமியின் பெயரை நிமிடங்களில் சொல்லிவிடும், ஆனால் அது வளர்ந்த பிறகு.

2018-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டி2பாக்டீரியா என்ற டெஸ்ட், ரத்தத்திலேயே நேரடியாகத் தேடி சில மணி நேரத்தில் பதில் தருகிறது. அப்போது அது தேடியது ஐந்தே கிருமிகளை. எந்த மருந்து கேட்கும் என்பதையும் சொல்லாது. 2024-ல் சியோல் தேசியப் பல்கலைக்கழகக் குழு நேச்சர் இதழில் வெளியிட்டதுதான் எனக்குப் பிடித்தது. பெப்டைடு (குட்டிப் புரதத் துண்டு) பூசிய காந்தத் துகள்களால் ரத்தத்திலிருந்தே கிருமியை இழுத்தெடுக்கிறார்கள். மருந்து கேட்குமா என்பது வரை வழக்கத்தைவிட 40 முதல் 60 மணி நேரம் முன்னதாகத் தெரிகிறது. நம் வார்டுக்கு வர நாளாகும்.

அதுவரை ஒன்று: ஆன்டிபயாடிக் போடும் முன் ரத்தம் எடுங்கள். பெரியவர்களுக்கு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி. மூன்று மில்லி அனுப்பினால் அதில் கிருமியே இல்லாமல் போகலாம்.

ஒரு மகன்: அப்பாவுக்கு சிஆர்பி 90. செப்சிஸா?

சிஆர்பி என்பது உடலில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறும் புரதம். எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மூச்சு வாங்குகிறதா, பேச்சு குழறுகிறதா, சிறுநீர் குறைந்ததா? ஒன்று இருந்தாலும் இப்போதே கிளம்புங்கள்.

இன்னொருவர்: புரோகால்சிடோனின் 2. செப்சிஸ்தானே?

இதுவும் தொற்றில் ரத்தத்தில் ஏறும் ஒரு பொருள்தான்; மேலே சிஆர்பிக்குச் சொன்னதைப் பாருங்கள். ஆன்டிபயாடிக்கை எப்போது நிறுத்தலாம் என்பதற்கு அது உதவும். தொடங்குவதற்கு அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

ஐடி ஊழியர்: ஏஐ இருக்கும்போது ரத்தம் எதற்கு?

ஆஸ்பத்திரி மென்பொருள் செய்யும் எபிக் நிறுவனத்தின், செப்சிஸைக் கணிக்கும் மாடலை மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் சோதித்து 2021-ல் வெளியிட்டார்கள். மூன்றில் இரண்டு செப்சிஸ் நோயாளிகளை அது தவறவிட்டது. ஆனாலும் அட்மிட் ஆனவர்களில் 18 சதவீதம் பேருக்கு அலாரம் அடித்தது.

ஐடி ஊழியர்: அது பழைய மாடல் சார்.

சரி, புதியதை உங்கள் ஆஸ்பத்திரி நோயாளிகளிடம் சோதித்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.

ஐசியு நர்ஸ்: அடிக்கடி அடிக்கும் அலாரத்தை நாங்கள் முதலில் மியூட் பண்ணுவோம், தம்பி.

பதில் கிடைத்ததா? மாடல் பிடித்துக் கொடுத்தாலும் எந்தக் கிருமி என்று சொல்ல ரத்தம்தான் வேண்டும்.

லேப் டெக்னீஷியன், வேலூர்: கல்ச்சர் நெகட்டிவ், காய்ச்சல் விடவில்லை.

பூச்சிக்கடியால் பரவும் ஸ்கிரப் டைஃபஸ் காய்ச்சலை நினைத்தீர்களா? அது பாட்டிலில் வளராது. அக்குள், இடுப்பு, தொடை மடிப்பில் கறுப்புப் பொருக்கு தேடச் சொல்லுங்கள். இருந்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் டாக்சிசைக்ளின் தொடங்குவார்கள்.

புதியவர்: சிஆர்பி 140…

மேலே மகனுக்குச் சொன்ன இரண்டாவது பதிலைப் பாருங்கள். அப்புறம், கல்ச்சருக்கு எத்தனை மில்லி அனுப்பினார்கள் என்று கேளுங்கள்.