தனியா உக்காரப் போறீங்களா, சாப்பாடு யார் கொண்டு வருவா?

அக்கா வணக்கம். எனக்கு வயசு 41, கோவைல சாஃப்ட்வேர் வேலை. சென்னை திருமுடிவாக்கத்துல இருக்கிற தம்ம சேது மையத்துல நாலு தடவை 10 நாள் விபஸ்ஸனா தியான கோர்ஸ் உக்காந்திருக்கேன். இப்ப ஆபீஸ்ல மூணு மாசம் சம்பளம் இல்லாத லீவு தர்றேன்னுட்டாங்க. கோத்தகிரி பக்கம் ஃப்ரெண்டோட வீடு ஒண்ணு சும்மா கெடக்கு, அக்டோபர்ல ஏறி 90 நாள் யாரையும் பாக்காம பேசாம தனியா தியானத்துல உக்காரணும்னு ஆசை. எங்க தியான குரூப்ல ஆறு பேர் சாமான் கொண்டு வந்து தர்றோம்ங்கிறாங்க. வீட்டுக்காரி சரின்னுட்டா, அம்மாதான் புள்ள சாமியாராப் போறான்னு அழுவுது. எப்படி ரெடியாகணும்?
பெயர் வேண்டாம், கோவை

தம்பி, மொதல்ல அக்டோபரை விடுங்க. கோத்தகிரிக்கு ஐப்பசி கார்த்திகை மழைதான் பெரிய மழை, ரோட்டுல மண்ணு சரிஞ்சுச்சுன்னா உங்க ஆறு பேரும் மேட்டுப்பாளையத்துல டீ குடிச்சுக்கிட்டு நிப்பாங்க, நீங்க மேல காலி டப்பாவைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பீங்க. ஜனவரி கடைசில ஏறுங்க. குளிரும், கம்பளி போத்திக்கலாம்.

அடுத்தது அந்த 90. நாலு கோர்ஸ்னா 40 நாள் உக்காந்திருக்கீங்க, நல்ல விஷயம். ஆனா அந்த 40 நாளும் விடியக்காலம் நாலு மணிக்கு உங்களை எழுப்ப ஒருத்தர் மணி அடிச்சாரு, தட்டுல சோறு விழுந்துச்சு, சந்தேகம்னா கேக்க ஆசிரியர் இருந்தாரு. அதெல்லாம் இல்லாம ஒரு நாள் எப்படிப் போகும்னு உங்களுக்கு இன்னும் தெரியாது. தம்ம சேது நடத்துற கோயங்கா மரபுலயே 20 நாள் கோர்ஸுக்குப் போகணும்னா அஞ்சு 10 நாள் கோர்ஸ், புத்தரோட சதிபட்டான சூத்திரத்தை வெச்சு நடக்கிற ஒரு கோர்ஸ், ஒரு கோர்ஸ்ல சேவை, ரெண்டு வருஷம் விடாம தினப் பயிற்சி, இவ்வளவும் கேக்குறாங்க, அதுவும் அவங்க கண்ணு முன்னால உக்காரதுக்கு. அதனால இந்த வருஷம் அதே வீட்டுல 3 நாள், அப்புறம் 10 நாள் தனியா உக்காந்து பாருங்க. அது சரியாப் போனா ஜனவரில 30. 90 எங்கயும் ஓடிப் போகாது.

புத்தர் காலத்துலயே இந்தக் கதை இருக்கு. மேகியன்னு ஒரு பிக்கு, அப்ப அவருதான் புத்தருக்குப் பணிவிடை. கிமிகாளா ஆத்தங்கரைல ஒரு மாந்தோப்பைப் பாத்தாரு, பாத்ததும் இங்க தனியா உக்காந்தா என்னமா இருக்கும்னு தோணிடுச்சு. புத்தர்கிட்ட கேட்டா, பொறு மேகியா, நாம ரெண்டு பேர்தான் இருக்கோம், இன்னொரு பிக்கு வரட்டும்னாரு. இவரு விடல, மூணு தடவை கேட்டுட்டுக் கெளம்பிட்டாரு. போய் மரத்தடில உக்காந்தா ஆசை, கோவம், அடுத்தவனை நோகடிக்கிற நெனப்பு, இதுதான் வந்து மொய்க்குது. திரும்பி வந்தவர்கிட்ட புத்தர் மனசு பழுக்கிறதுக்கு அஞ்சு விஷயம் சொன்னாரு, அதுல மொத விஷயமே நல்ல நண்பர். தனியாப் போகத் துடிச்ச ஆளுகிட்ட மொதல்ல சொன்னது நண்பனைப் பத்திங்கிறதை நான் அடிக்கடி நெனச்சுப்பேன்.

உங்களுக்கு அந்த நண்பர்கள் ஆறு பேர் இருக்காங்க, அதுலதான் ஒரு சிக்கலும் இருக்கு. ஆறு பேர் பொறுப்புன்னா யாரும் பொறுப்பு இல்ல, வாட்ஸ்அப் குரூப்ல ஆறு பேரும் தம்ஸ்அப் போட்டுட்டு அவன் பாத்துப்பான்னு இருந்துடுவாங்க. ஒரே ஒருத்தரைத் தலையாப் போடுங்க, மத்த அஞ்சு பேரும் அவருக்குக் கீழ. அந்த ஒருத்தர் கோத்தகிரியிலயோ குன்னூர்லயோ இருந்தா ரொம்ப நல்லது, கோவைல இருந்து அவசரத்துக்கு ஏறி வர்றதுக்குள்ள பாதி நாள் போயிடும்.

டென்சின் பால்மோன்னு ஒரு பிக்குணி இருக்காங்க, லண்டன்ல வளந்தவங்க. 1976-ல இருந்து 1988 வரைக்கும் இமாச்சலத்துல லாஹூல்ல 13,200 அடி உயரத்துல ஒரு குகையில இருந்தாங்க, கடைசி மூணு வருஷம் யாரையும் பாக்காத கடுமையான தனிமை. அவங்களைப் பத்திப் பேசுறவங்க எல்லாம் பனியில குகை மூடினப்ப பாத்திர மூடியால சுரங்கம் தோண்டி வெளிய வந்ததைத்தான் சொல்லுவாங்க, எனக்கு வேற ஒண்ணுதான் மனசுல நிக்குது. சாமான் கொண்டு வர்றேன்னு ஒத்துக்கிட்ட ஆளு ஒரு தடவை பல மாசம் வரவே இல்ல. இருந்த கொஞ்சத்தையும் தோட்டத்துல போட்ட உருளைக்கெழங்கு, டர்னிப்பையும் வெச்சு இழுத்துப் பிடிச்சிருக்காங்க, ஆளே எலும்பாப் போயிட்டாங்களாம். அதுக்கு முன்னாடி ஆறு வருஷம் அதே லாஹூல்ல மடத்துல இருந்து பழகினவங்க அவங்க, அவங்களுக்கே அப்படி. கடைசில அந்தத் தனிமை முடிஞ்சது எப்படின்னா, விசா காலாவதின்னு போலீஸ்காரர் வந்து கதவைத் தட்டி! காகிதம் குகைக்குள்ளயும் வந்து சேரும் தம்பி.

உங்களுக்கு விசா இல்ல, ஓடிபி இருக்கு. வீட்டு லோன், கரண்ட் பில், இன்சூரன்ஸ் எல்லாம் எந்த நம்பருக்கு மெசேஜ் வருதோ அந்த சிம்மை வீட்டுக்காரிகிட்ட குடுத்துட்டுப் போங்க. இல்லன்னா 17-ஆம் நாள் தியானத்துல ஆனாபானம்ங்கிற மூச்சைப் பாக்க மாட்டீங்க, ஈஎம்ஐதான் பாப்பீங்க. போறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி பல் டாக்டரைப் பாத்துடுங்க, லேசாக் கூசுற பல்லு பேச்சில்லாத எடத்துல பூதமாயிடும். கண்ணாடி போடுறவர்னா இன்னொரு ஜோடி எடுத்துக்குங்க.

சாப்பாட்டுக் கணக்கு சுலபம். மதியம் ஒரு வேளை முழுச் சாப்பாடு, காலைல கஞ்சின்னா ஒரு ஆளுக்கு மாசம் 5, 6 கிலோ அரிசி, 2 கிலோ பருப்பு தாராளம், 14.2 கிலோ சிலிண்டர் ஒண்ணு மூணு மாசத்துக்கே வரும். காய், தயிர் மட்டும் வாரம் ரெண்டு தடவை வரட்டும். ஆனா அந்தப் பக்கம் கரடி, காட்டுமாடு ரெண்டும் உண்டு, சாப்பாட்டு வாசனைக்குக் கரடி வரும், அதனால நண்பர்கள் சாமான் வெச்சுட்டுப் போற எடம் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டியா இருக்கட்டும். எடுக்கப் போறது பட்டப்பகல்ல. சாயங்காலம் நடை தியானம்னு வெளிய சுத்தாதீங்க, வராண்டா போதும்.

இனி கஷ்டமான எடத்துக்கு வர்றேன். திபெத்காரங்க இந்த மாதிரித் தனிமைக்கு சொல்ற வார்த்தை ட்சம், எல்லைன்னு அர்த்தம். இந்த எல்லைக்குள்ள யார் வரலாம், யார் வரக்கூடாதுன்னு ஆரம்பிக்கிறப்பவே முடிவு பண்ணிடுவாங்க, சமைக்கிறவர், குரு, வைத்தியர் இப்படி நாலஞ்சு பேரு. உள்ள வர்ற ஆளுக்குப் போடுற அதே எல்லையை உள்ள வர்ற சேதிக்கும் போடணும். உங்க அம்மாவுக்கு என்ன வயசுன்னு எழுதல. நடுவுல அவங்களுக்கு முடியாமப் போனா சொல்லணுமா? ஆஸ்பத்திரில சேத்தா? அதுக்கு மேல எதாவது ஆனா? இதை நீங்களும் உங்க வீட்டுக்காரியும் தலை ஆளும் ஒரு சாயங்காலம் உக்காந்து பேசி ஒரு காகிதத்துல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அம்மாவையும் கூட உக்கார வைங்க. எனக்கு உடம்பு முடியலன்னா புள்ள எறங்கி வந்துடுவான்னு அந்தக் காகிதத்துல இருக்கிறதை அவங்க காதால கேட்டா பாதி அழுகை நின்னுடும், அவங்களுக்குப் பயம் காவியைப் பாத்து இல்ல. சொல்லாதீங்கன்னு நீங்க எழுதுனா அந்தச் சொமையைத் தூக்கப் போறது உங்க வீட்டுக்காரிங்கிறதையும் நெனச்சுக்குங்க. நான் உக்காந்தப்ப எல்லாத்தையும் சொல்லிடுங்கன்னுதான் எழுதினேன், எனக்கு அந்த அளவுக்கு வைராக்கியம் இல்ல.

அதே காகிதத்துல இன்னொண்ணும் எழுதணும், உங்களை எறக்குற அதிகாரம் யாருக்கு. நாலு ராத்திரி தொடர்ந்து தூக்கமே இல்ல ஆனா தெம்பா இருக்கு, கொண்டு வந்த சாமான் தொடாம அப்படியே கெடக்கு, காரணமில்லாத நடுக்கம், இல்லன்னா எனக்கு எல்லாம் புரிஞ்சுடுச்சுன்னு பக்கம் பக்கமா சீட்டு எழுதி வெளிய வெக்கிறது, இதுல எது வந்தாலும் தலை ஆளு உங்களைக் கேக்காம கதவைத் திறந்து உள்ள வரலாம். தியானம் எப்பவும் அமைதிதான் தரும்னு நெனக்காதீங்க. 2017-ல அமெரிக்காவுல பிரவுன் யுனிவர்சிட்டி ஆய்வாளர்கள், தியானத்துல சிக்கல் வந்த பௌத்த சாதகர்களையும் ஆசிரியர்களையும் பேட்டி எடுத்து, வர்ற அனுபவங்களை 59 வகையாப் பிரிச்சு எழுதினாங்க, பயமும் தூக்கம் கெடுறதும் அதுல உண்டு. உங்களுக்கோ ரத்த சொந்தத்துலயோ மனநோய் இருந்திருந்தா தனியா உக்காருறதை மனநல டாக்டர்கிட்ட கேக்காம முடிவு பண்ணாதீங்க, மாத்திரை சாப்பிடுறவர்னா தியானத்தை நம்பி நிறுத்தவே கூடாது. வாரத்துக்கு ஒரு நாள் ஆசிரியர்கிட்ட 10 நிமிஷம் போன்ல பேசுங்க, மௌனம் கெட்டுப் போயிடாது.

எறங்கினதும் மறுநாளே லேப்டாப்பைத் திறக்காதீங்க, ஒரு வாரம் வீட்டுல சும்மா கெடங்க. ஹாரன் சத்தமே ஆளை உலுக்கிடும்.

அக்கா, என் தங்கச்சி இலங்கைல ஒரு தியான நிலையத்துல ஒரு மாசம் இருந்துட்டு வந்து, இப்ப எங்க தோட்டத்து வீட்டுல ரெண்டு மாசம் தனியா உக்காரப் போறா. சமைச்சுக் குடுக்கிற வேலை எனக்கு. எனக்கு தியானம்லாம் தெரியாது, அவளுக்கு இடைஞ்சலா இருந்துடுவேனோன்னு பயமா இருக்கு.
ஒரு அக்கா, தேனி

இந்தக் கடுதாசியை ரெண்டு தடவை படிச்சேன்மா. தியானம் தெரியாட்டி பரவால்ல, 11 மணின்னா 11 மணிக்கு சாப்பாடு வரணும், அது தெரிஞ்சா போதும்.

நான் கண்டி மலைப் பக்கம் ஒரு குடில்ல ரெண்டு மாசம் உக்காந்திருந்தேன். கீழ கிராமத்துல இருந்து ஒரு வயசான அம்மா சாப்பாடு கொண்டாந்து ஒரு பாறை மேல வெச்சுட்டுப் போவாங்க. செவப்பரிசிச் சோறு, பருப்புக் கறி, பொல் சம்பல், டப்பா மூடி மேல கொரங்கு தூக்கிட்டுப் போகாம இருக்க ஒரு கல்லு. நான் அவங்க மொகத்தைப் பாத்ததே கெடையாது, மழை நாள்ல கருப்புக் கொடை ஒண்ணு எறங்கிப் போறது மட்டும் ஜன்னல்ல தெரியும். ஆனா மனசு படாத பாடு படுத்தின நாள்ல எந்திரிச்சு ஓடாம என்னைப் பிடிச்சு வெச்சது தியானம் இல்ல, அந்தக் கல்லுதான். ஒருத்தங்க எனக்காகக் குனிஞ்சு கல்லு தேடியிருக்காங்களே, எப்படிப் பாதில விட்டுட்டுப் போறது?

அங்க காட்டு மடங்கள்ல தானப் பட்டியல்னு இருக்கும், வருஷத்துல இன்ன நாள் இன்ன குடும்பம்னு எழுதி வெச்சிருப்பாங்க. அப்பா செத்த திதி, புள்ள பொறந்த நாள்னு பாத்துக் குடும்பத்தோட சட்டி பானையைத் தூக்கிட்டு வருவாங்க. உள்ள உக்காந்திருக்கவங்களுக்கு உதவி பண்றோம்னு அவங்க நெனக்கறதே இல்ல, நமக்குப் புண்ணியம் சேர ஒரு வாய்ப்புன்னுதான் குடுப்பாங்க. அமுதசுரபி கையில இல்லாதவங்க எல்லாருக்கும் இன்னொருத்தர் அடுப்புதான் கதி.

உள்ள இருக்கிறவங்க வேணும்கிறதை எழுதி வெக்கிற சீட்டு விஷயத்துல மட்டும் கவனமா இருங்க. ஒரு தடவை நான் உப்புன்னு எழுதி வெச்சேன், பனில மை கலைஞ்சு போச்சு, மறுநாள் பாத்தா அரைக்கிலோ உளுந்து. அதைப் பாத்து சிரிச்சுட்டு, அப்புறம் ஒரு மணி நேரம் அழுதேன், ஏன்னு கேக்காதீங்க, அங்க அப்படித்தான். அதனால பென்சில்ல எழுதச் சொல்லுங்க, சீட்டைச் சின்ன டப்பாக்குள்ள போடச் சொல்லுங்க. தினம் சீட்டு இல்லாட்டியும் ஒரு சின்ன அடையாளம் வேணும், கழுவின டப்பா வெளிய இருந்தா நல்லா இருக்கான்னு அர்த்தம், இல்லன்னா நீங்க கதவைத் தட்டலாம்னு இப்பவே பேசி வெச்சுக்குங்க. எப்படி இருக்க, ஏதாவது தெரிஞ்சுதா, இளைச்சுட்டியான்னு சீட்டு எழுதாதீங்க. ஊர் சேதி வேண்டவே வேண்டாம். முக்கியமா ஒண்ணு, உங்களுக்குக் காய்ச்சல் வந்தா யார் சமைப்பாங்க? அந்த ஆளை இப்பவே பிடிச்சு வைங்க.

தனியா உக்காரணும்னா புத்த மதத்துக்கு மாறணுமா?
கும்பகோணம்

வேண்டாம். ஆனா பஞ்ச சீலம் எடுத்துத்தான் ஆரம்பிப்பாங்க, கொல்லாமை, திருடாமை, பொய் பேசாமை, தப்பான உறவு இல்லாமை, போதை இல்லாமை. இதுல எதுக்கு உங்க மதம் குறுக்க நிக்குது?

இமயமலைல குகை மாதிரி ரூம், 21 நாள் தனிமைத் தியானம், சாப்பாடு ஸ்பா எல்லாம் சேத்து மூணு லட்சம்னு இன்ஸ்டால விளம்பரம் வருது. நம்பலாமா?
மதுரை

ரூம் நல்லா இருக்கும், சந்தேகமே இல்ல. கோயங்கா மரபு கோர்ஸ்ல சாப்பாட்டுக்கும் தங்கறதுக்கும் ஒரு பைசா வாங்க மாட்டாங்க, முன்னாடி உக்காந்து பலன் கண்டவங்க குடுக்கிற தானத்துலதான் அடுத்தவங்க சாப்பிடுறாங்க. மூணு லட்சம் கட்டினீங்கன்னா சோறு லேட்டா வந்தா கோவம் வரும், ரிசப்ஷனுக்கு போன் போடுவீங்க. பாறை மேல இருக்கிற டப்பாவுக்கு நம்மளால கோவப்பட முடியாது.