ஜோடி சேர்க்கும் அட்டைகள் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

என் மகனுக்கு இரண்டு வயது முடிந்து ஒரு மாதம் ஆகிறது. படங்களை ஜோடி சேர்க்கும் விளையாட்டு இந்த வயதுக்கு நல்லது என்று பலரும் சொன்னதால், இணையத்தில் கிடைத்த விலங்குப் படங்களை அச்செடுத்து 12 ஜோடி, ஆக 24 அட்டைகள் செய்தேன். லேமினேட்டும் செய்தேன். தரையில் பரப்பி வைத்து "இதே மாதிரி இன்னொண்ணு எங்கே?" என்று கேட்டால் அவன் திரும்பியே பார்ப்பதில்லை. ஒன்றைக் கடிக்கிறான், இன்னொன்றை வீசுகிறான். ஒரே வாரத்தில் அட்டைகளின் ஓரம் பிரிந்து, உள்ளே ஈரம் போய், மை கலங்கிவிட்டது. அவனுக்கு இன்னும் வயது வரவில்லையா? நான் செய்யும் முறையில் கோளாறா? அளவுகளோடு விளக்கினால் உதவியாக இருக்கும்.

எம்.

அன்புள்ள எம்.,

வயது வந்துவிட்டது. அட்டைகள்தான் அவனுக்கு ஏற்றபடி இல்லை. 24 அட்டைகளைப் பரப்பி வைத்து ஒரு ஜோடியைத் தேடச் சொல்வது நான்கு வயதுப் பிள்ளைக்கே சிரமமான வேலை. இரண்டு வயதில் மூன்று ஜோடி தாராளம். கடிப்பதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், ஒரு புதுப் பொருளை வாயில் வைத்துப் பார்ப்பது இந்த வயதில் இன்னும் இருக்கும்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நமக்குப் படம் என்பது சாதாரண விஷயம். குழந்தைக்கு அது கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று. ஜூடி டிலோச் என்ற உளவியலாளரும் அவரது குழுவினரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாதக் குழந்தைகள் புத்தகத்தில் இருந்த பொருட்களின் வண்ணப் புகைப்படங்களைத் தடவி, சுரண்டி, கையில் எடுக்கப் பார்த்தன. 19 மாதக் குழந்தைகள் அதே படங்களைச் சுட்டிக் காட்டின. உங்கள் மகன் அந்தக் கட்டத்தைத் தாண்டியிருப்பான். ஆனாலும் படத்தைப் படமாகப் பார்க்கும் பழக்கம் அவனுக்குப் புதிது. ஆகவே படத்தில் தொடங்காமல் பொருளில் தொடங்குங்கள்.

ஒரே அச்சாக இருக்கும் இரண்டு கரண்டி, இரண்டு பந்து, இரண்டு காலுறை. ஒவ்வொன்றில் ஒன்றை அவன் முன்னால் வரிசையாக வைத்துவிட்டு, மற்றதை ஒவ்வொன்றாகக் கையில் கொடுங்கள். இதைத் தயங்காமல் செய்தால், அதே கரண்டியையும் பந்தையும் காலுறையையும் நீங்களே புகைப்படம் எடுத்து, முடிந்தவரை உண்மை அளவுக்குப் பக்கமாக அச்செடுத்து, பொருளைப் படத்தின்மேல் வைக்கச் சொல்லுங்கள். பலரும் விட்டுவிடும் படி இது. இதற்குப் பிறகுதான் படமும் அதே படமும். அதையும் தாண்டினால் சிவப்புக் கோப்பையும் நீலக் கோப்பையும் என்று ஒரே வகையில் வெவ்வேறு படங்கள். நிழலுருவத்தோடு பொருத்துவது, பாதியையும் பாதியையும் சேர்ப்பது எல்லாம் மூன்று வயதை ஒட்டி வரட்டும். அட்டைகளைக் கவிழ்த்து வைத்து நினைவில் தேடும் ஆட்டத்துக்கு இப்போது அவசரமே இல்லை.

இனி படத் தேர்வு. பெரும்பாலான அட்டைகள் இங்கேதான் கெட்டுப்போகின்றன. நீங்கள் அச்செடுத்த விலங்குப் படங்களை எடுத்து ஒருமுறை உற்றுப் பாருங்கள். சிங்கத்துக்குப் பின்னால் மஞ்சள், யானைக்குப் பின்னால் பச்சை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பின்னணி நிறம் இருந்தால், குழந்தை விலங்கைப் பார்க்காமலே மஞ்சளை மஞ்சளோடு சேர்த்துவிடும். நாம் கைதட்டுவோம், அவன் கற்றது வேறு. பின்னணி எல்லாம் ஒன்றாக இருந்து, விலங்குகள் நான்கு கால், பழுப்பு நிறம், இடப்பக்கம் பார்த்த முகம் என்று ஒரே சாயலில் இருந்தால் அவனுக்கு எதுவுமே பிடிபடாது. எந்த வேறுபாட்டை அவன் கவனிக்க வேண்டும் என்பதை அட்டை செய்கிறவர் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். அதைத் தவிர மற்ற எல்லாம் எல்லா அட்டையிலும் ஒன்றாக இருக்கவேண்டும். மாண்டிசோரி முறையின் முதல் வண்ணப் பெட்டியில் இருப்பவை மூன்றே ஜோடிப் பலகைகள்: சிவப்பு, மஞ்சள், நீலம். அளவும் வடிவமும் மாறாது, நிறம் மட்டும் மாறும். அதில் குழந்தை பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லை.

ஆகவே: வெள்ளைப் பின்னணி, ஒரு அட்டையில் ஒரே பொருள், எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. எழுத்து, பூ வேலை, கரை எதுவும் வேண்டாம். முதல் தொகுப்பில் உருவமும் நிறமும் இரண்டுமே நன்றாக விலகியிருக்கட்டும்: மஞ்சள் பந்து, கறுப்புச் செருப்பு, பச்சைச் சீப்பு. இது கைவந்ததும் மூன்றையும் ஒரே நிறத்தில் மாற்றிப் பாருங்கள். அப்போதும் சரியாக வைத்தால் அவன் உருவத்தைப் பார்க்கிறான். திணறினால் இதுவரை நிறத்தை வைத்துச் சமாளித்திருக்கிறான், அவ்வளவுதான். இடப்பக்கம் திரும்பிய மீன், வலப்பக்கம் திரும்பிய மீன் என்று திசையை மட்டும் மாற்றி வைக்காதீர்கள். எப்படித் திரும்பினாலும் கோப்பை கோப்பைதான் என்று அறிந்து வைத்திருக்கும் வயது இது, அவனுக்கு இரண்டும் ஒன்றே.

அட்டையின் பின்பக்கமும் எல்லாவற்றுக்கும் ஒரே தாளாக இருக்கட்டும். ஒரு முனை மடங்கினாலோ கறை பட்டாலோ அதையே அடையாளம் வைத்துக்கொள்வார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள் இதைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அளவு 9 செ.மீ. சதுரம். ஏ4 தாளில் குறுக்கே இரண்டு, நெடுக்கே மூன்று என்று ஆறு படம் அடங்கும், ஓரத்தில் அச்சுக்கு வேண்டிய இடமும் கிடைக்கும். ஆக ஒரே தாளில் மூன்று ஜோடி முடிந்தது. சின்ன விரல்கள் தரையிலிருந்து எடுக்க வசதியாக 250 முதல் 300 ஜி.எஸ்.எம். (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு, ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) அட்டையில் அச்செடுங்கள். சாதாரண 80 ஜி.எஸ்.எம். தாள் தரையோடு ஒட்டிக்கொள்ளும், எடுக்க வராமல் குழந்தை எரிச்சலாகும்.

ஓரம் பிரிந்ததற்குக் காரணம், லேமினேட் செய்த பிறகு படத்தின் விளிம்போடு வெட்டியிருப்பீர்கள். அப்போது தாளின் வெட்டுமுகம் திறந்துவிடுகிறது, எச்சில் அந்த வழியாகத் தாளில் ஊறி உள்ளே ஏறுகிறது. இரண்டு பிளாஸ்டிக் படலமும் ஒன்றோடொன்று ஒட்டினால்தான் ஈரம் போகாது. எனவே முதலில் அட்டைகளைத் தனித்தனியாக வெட்டி, நான்கு முனைகளையும் வளைவாக்கி, இடையில் 1 செ.மீ. விட்டு லேமினேட் உறைக்குள் அடுக்கி லேமினேட் செய்யுங்கள். பிறகு சுற்றிலும் 3 அல்லது 4 மி.மீ. வெறும் படலம் நிற்கும்படி வெட்டுங்கள். படலத்தின் முனைகளையும் வளைத்துவிட வேண்டும், கூரான முனை கண்ணில் குத்தும். 125 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.இல் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன் உள்ள உறை போதும். இன்க்ஜெட் அச்சானால் மை நன்றாகக் காயும்வரை காத்திருந்து லேமினேட் செய்யுங்கள். லேசர் அச்சில் எச்சில் பட்டாலும் மை கலங்காது. பளபளப்பான படலத்தில் விளக்கு வெளிச்சம் பட்டு, குழந்தை உட்காரும் உயரத்திலிருந்து படமே தெரியாமல் போவதுண்டு. மங்கல் படலம் கிடைத்தால் அதுவே மேல். கிடைக்காவிட்டால் நீங்கள் ஒருமுறை அவன் உயரத்துக்குக் குனிந்து பார்த்துவிட்டு இடத்தை மாற்றுங்கள்.

அழகுக்காக வெல்க்ரோ பொட்டு, காந்தத் துண்டு எதையும் ஒட்டவேண்டாம். மூன்று வயதுக்கு உட்பட்டவர்களின் பொம்மைகளைச் சோதிக்கும் உருளையின் உள்விட்டம் 31.7 மி.மீ. அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையில் சிக்கக்கூடியது. காந்தம் இன்னும் மோசம், இரண்டை விழுங்கினால் குடல் சுவர்களை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துக் குடலையே துளைத்துவிடும்.

விளையாடும்போது எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள், அப்போதுதான் இருவருக்கும் படம் நேராகத் தெரியும். மூன்று அட்டைகளை வரிசையாக வையுங்கள். மற்ற மூன்றை உங்கள் கையிலேயே வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கொடுங்கள். "இதே மாதிரி இன்னொண்ணு எங்கே?" என்பது அவனுக்கு நீளமான கேள்வி. "பந்து" என்று பெயரை மட்டும் சொல்லி, முதல் அட்டையை நீங்களே மெதுவாக வைத்துக் காட்டினால் போதும். தொடக்கத்தில் படத்தின் மேலேயே வைக்கட்டும், வேலை என்ன என்பது உடனே விளங்கிவிடும். சில நாள் கழித்துப் படத்துக்குக் கீழே வைக்கப் பழக்குங்கள். மேலே வைத்தால் அடியில் உள்ள படம் மறைந்து, தவறியதே தெரியாமல் போகும். கீழே வைத்தால் இரண்டும் கண்முன் இருக்கும், அவனே பார்த்து மாற்றிக்கொள்வான்.

தவறாக வைத்தால் "தப்பு" என்று சொல்லவேண்டாம். அட்டையை எடுத்து, ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் கொண்டுபோய் ஒரு கணம் நிறுத்தி, சரியான இடத்தில் "பந்து, பந்து" என்று சொல்லி வைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் வரிசையில் அட்டைகளின் இடத்தை மாற்றுங்கள். சிலர் எது கொடுத்தாலும் வலது ஓரத்திலேயே வைப்பார்கள். வரிசை மாறாவிட்டால் தற்செயலாகச் சரியாவதைக் கற்றுவிட்டதாக எடுத்துக்கொள்வோம். மூன்றிலிருந்து ஐந்து நிமிடம், அதுவும் அவன் விரும்பும்வரைதான். வீச ஆரம்பித்தால் அன்றைக்கு முடிந்தது, எடுத்து வைத்துவிடுங்கள். மூன்று ஜோடியை வரிசை மாறினாலும் தடுமாறாமல் வைக்கும்போது நான்காவதைச் சேர்க்கலாம்.

ஜோடி சேர்க்கவில்லை என்பதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வரவேண்டாம். ஆனால் விரல் நீட்டி உங்களுக்கு எதையும் காட்டுவதில்லை, புத்தகத்தில் பெயர் சொல்லிக் கேட்டால் தொட்டுக் காட்டுவதில்லை, இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசுவதில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். இரண்டு வயதில் இவற்றைத்தான் அவர்களும் கேட்பார்கள்.

உங்களிடம் இருக்கும் 24 அட்டைகளில் ஓரம் பிரிந்தவற்றைக் கொடுக்காதீர்கள், பிரிந்த படலத் துண்டு வாய்க்குள் போகும். மிஞ்சியதில் யானை, மீன், வண்ணத்துப்பூச்சி மாதிரி உருவத்தில் துளியும் ஒத்திராத மூன்று ஜோடியைத் தேர்ந்தெடுங்கள். பின்னணி நிறம் வெவ்வேறாக இருந்தால் பழைய கோப்பிலேயே அதை நீக்கி அந்த ஒரு தாளை மட்டும் மறுபடி அச்செடுங்கள். அது தயாராகும்வரை காலுறைகளும் கரண்டிகளும் போதும்.